ஒரே பிரதி

ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, ஆலங்குளம் பக்கத்துச் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டை யாரும் சும்மா தேடுவதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் பிறந்த தேதி இடிக்கும். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்றப் போனால் அப்பாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அப்போதுதான் குருமனைப் படியேறி, "ஐயரே, பழைய ரிஜிஸ்தரைக் கொஞ்சம் பார்க்கணும்" என்று நிற்பார்கள். பீரோவின் அடித்தட்டிலிருந்து அது வெளியே வரும். கனத்த, நீளமான புத்தகம். விரித்தால் ஆளுக்கு ஒரு வரி: வரிசை எண், ஞானஸ்நானம் பெற்ற நாள், பிறந்த நாள், பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தொழில், கடைசியில் குருவானவர் கையெழுத்து. ஒரு மனுஷனோ மனுஷியோ இந்த மண்ணில் பிறந்தார் என்பதற்கு எழுத்தில் இருக்கும் முதல் சாட்சி, பல குடும்பங்களில் அந்த ஒற்றை வரிதான்.

இந்தப் புத்தகம் எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதற்கு வேறு பிரதி கிடையாது.

திருநெல்வேலிச் சீமையின் ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் வம்சத்தைப் பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு பட்டியலிலிருந்து சொல்லத் தொடங்கும். அதில் 40 பெயர்கள். தலைப்பெயர் குளோரிந்தா. பிராமண விதவையான அந்த அம்மாளுக்கு 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடைய முயற்சியில் எழும்பி 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் ஊரார் சொல்கிறார்கள். தெற்கத்திச் சபை வரலாற்றின் முதல் பதிவில் முதல் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் நிற்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மடாதிபதிகளும் ஜமீன்தார்களும் பெயர் பொறித்துக்கொண்ட காலத்தில், பல சாதிகளைச் சேர்ந்த 40 சாமானியர்கள் ஒரே தாளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து, 1881இல், ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலி மிஷனின் ஆரம்ப வரலாற்றை எழுதியபோது இந்தப் பட்டியல் அவருக்குக் கைகொடுத்தது. அது செல்லரித்துப் போயிருந்தால் அந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் வாய்வழிக் கதையாகவே தங்கியிருக்கும்.

வடக்கே, நம் கரிசல் பக்கம், பதிவேடு வந்து சேர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. ஆலயம் கட்டி அதற்குள் புத்தகம் வைக்கும் வழக்கப்படி அது இங்கே வரவில்லை. கூடாரத்தோடு வந்தது. தாமஸ் காஜெடன் ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர்போனவர், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ. சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கத்தின் சென்னைச் செயலாளராக மேசை வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரு இளைஞர்களோடு வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சுற்றத் தொடங்கினார். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் அந்தச் சுற்றில் அடங்கின.

அந்தக் கூடாரங்களில் இருந்த தமிழர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தெற்கே ஏற்கெனவே வேரூன்றிய சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து, தங்கள் செலவிலேயே, ஒரு மாதத்துக்கு வடக்கே அனுப்பின. வருகிறவர் நடந்து வருவார், மாதம் முடிந்ததும் அடுத்தவர் வருவார். வேம்புகூட வாடி நிற்கும் கோடையில், முன்பின் தெரியாத ஊரில் சாவடித் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். ராக்லண்ட் 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இறந்தார். அவர் கண்ணால் கண்ட பலன் சொற்பம். சபைகள் எழும்பியது பெரும்பாலும் அவருக்குப் பிறகு.

இங்கேதான் பதிவேட்டின் பயணம் இரண்டு பாதையாகப் பிரிகிறது.

முதல் பாதை கடிதத்தின் பாதை. சிவகாசிக் கூடாரத்தில் ராக்லண்ட் எழுதிய கடிதம் பாளையங்கோட்டைக்குப் போய், தபால் ஓட்டக்காரர்கள் கை மாறி மாறிச் சென்னைக்குப் போகும். அங்கே கப்பலேறும். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் சூயஸில் இறங்கி, எகிப்தைத் தரைவழியே கடந்து, அலெக்சாண்டிரியாவில் மறுபடி கப்பல் பிடிக்க வேண்டும். கடைசியில் லண்டன் சாலிஸ்பரி சதுக்கத்தில் இருந்த சி.எம்.எஸ். தலைமை அலுவலகத்தில் போய் இறங்கும். அங்கே அதை வாசித்துவிட்டு மூலையில் போடுகிற பழக்கம் இல்லை. 'மிஷன் புத்தகம்' என்ற பெரிய பேரேடுகளில் வந்த கடிதங்களை எழுத்தர்கள் முழுசாகப் பெயர்த்து எழுதினார்கள். போகிற கடிதங்களுக்குத் தனிப் பேரேடு இருந்தது. மூலக் கடிதங்கள் எழுதியவர் பெயர் வாரியாகக் கட்டிவைக்கப்பட்டன. முக்கியமான பகுதிகள் சங்கத்தின் பத்திரிகைகளில் அச்சேறின. ராக்லண்ட் இறந்த மூன்றே வருஷத்தில், அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் வைத்து பெரோன் என்பவர் வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டார். 1922இல் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் இன்னொன்று எழுதினார். அந்தக் கட்டுகளெல்லாம் பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இன்று கேட்பரி ஆய்வு நூலகத்தில், குளிரும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும் அறையில் பத்திரமாக இருக்கின்றன. நமக்கு வடக்கே மதுரைப் பக்கம் 1834இல் வேலை தொடங்கிய அமெரிக்கன் மிஷனின் கடிதங்கள் இன்னும் தூரம் போயின. அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் உள்ளன.

ஒரே மனிதர் சிவகாசியில் வைத்து எழுதிய எழுத்து மூன்று நான்கு வடிவில் பிழைத்துக் கிடக்கிறது. அவரோடு மாதமுறையில் நடந்து வந்த உபதேசியார் எழுதியது எத்தனை பிழைத்தது? தப்பிப் பிழைத்ததில் பெரியது உபதேசியார் சவரிராய பிள்ளையின் (1801–1874) நாட்குறிப்பு. அதுவும் அவருடைய மகன் குடும்ப வரலாறாகத் தொகுத்து அச்சுக்குக் கொண்டுபோனதால்தான் நமக்குக் கிடைத்தது. மிஷனோ அரசாங்கமோ அதைக் காப்பாற்றவில்லை. ஒரு மகனின் அக்கறை காப்பாற்றியது.

இரண்டாவது பாதை பதிவேட்டின் பாதை. இதில் சட்டம் குறுக்கே வருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகலை லண்டனுக்கு அனுப்பி வந்தது. சென்னை மாகாணத்துக்கு இந்த வரிசை 1698இல் தொடங்கி, இந்தியா சுதந்திரம் பெறும் வரை ஓடுகிறது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 'என் 2' என்ற அடையாளத்தில் அந்தப் பேரேடுகள் வரிசையாக நிற்கின்றன. மைக்ரோஃபிலிமும் எடுத்தாகிவிட்டது, இணையத்திலும் ஏற்றியாகிவிட்டது. அதில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பெயர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக உண்டு. பெரும்பகுதி ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான். மிஷனரி வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானம் கப்பலேறும் வரிசையில் சேர்ந்தது. அதே தொட்டியில் அடுத்த வாரம் ஞானஸ்நானம் பெற்ற உபதேசியார் வீட்டுப் பிள்ளையின் பெயர் ஊர்ப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

கல்யாணத்தில் இந்த வித்தியாசம் சட்டமாகவே எழுதப்பட்டது. 1872ஆம் வருஷத்து 15ஆவது சட்டமான இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர் தாம் நடத்திவைத்த திருமணங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பிரதியாக எழுதி மேலே அனுப்ப வேண்டும், ஒரு பிரதி அங்கிருந்து தலைமைப் பதிவாளருக்குப் போக வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. மணமக்கள் இந்தியக் கிறிஸ்தவர்களாக இருந்தால்? 37ஆம் பிரிவு அவர்களுக்குத் தனிப் புத்தகம் என்கிறது. அதை நிறைகிற வரைக்கும் குருவானவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நடுவில் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவர் கையில் ஒப்படைக்க வேண்டும். நிறைந்த பிறகு மாவட்டத்துத் திருமணப் பதிவாளர் வழியாகத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதக் கணக்கு இல்லை, இரண்டு பிரதி இல்லை. ஒரு சின்னச் சபையில் வருஷத்துக்கு ஐந்தாறு கல்யாணம் நடந்தால் ஒரு புத்தகம் நிறைய எத்தனை தலைமுறை ஆகும்? அதுவரை அந்த ஊரின் அத்தனை கல்யாணமும் ஒரே புத்தகத்தில், ஒரே பீரோவில், எத்தனையோ மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, ஊரையே கூப்பிட்டு, சாட்சிகள் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு முடித்த கல்யாணம் அது. சபைக்கு அதில் குறையில்லை. நகல் எடுக்கும் அளவுக்கு அது முக்கியம் என்று அரசாங்கம்தான் நினைக்கவில்லை.

இதன் விளைவு இன்று வரை தொடர்கிறது. 1860களில் சென்னை மாகாணத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கொள்ளுப்பேரன் லண்டனில் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் பாட்டனாரின் ஞானஸ்நானத்தைக் கண்டுபிடிக்கிறார். அதே காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு சம்சாரியின் கொள்ளுப்பேரன் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி, சேகரத்துக் குருமனைக்குப் போய், ஐயர் இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்து, புத்தகம் கிடைத்தால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் எந்தக் குருமனையில் இருக்கும் என்பதே சில நேரம் பெரிய கேள்வி. நம் வட்டாரம் இடம் மாறாமலே பல வீடு மாறிய வட்டாரம். ராக்லண்ட் காலத்தில் இது சென்னை அத்தியட்சாதீனத்துக்குக் கீழே இருந்தது. 1896இல் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் சேர்த்துத் தனி அத்தியட்சாதீனம் வந்தது, சாமுவேல் மோர்லி அதன் முதல் அத்தியட்சர். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து அதற்குப் போயின. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததோடு ஆங்கிலிக்கன் சபை என்ற பெயரே இங்கே முடிந்தது. 1985இல் ராமநாதபுரம் பிரிந்து, இன்று விருதுநகர் என்று நாம் சொல்லும் மாவட்டம் வந்தது. ஆகவே ஒரே ஊரைப் பற்றிய காகிதத்தை மிஷன் கணக்கில் திருநெல்வேலியிலும், வருவாய்த்துறைக் கணக்கில் ராமநாதபுரத்திலும், இன்றைய சான்றிதழுக்கு விருதுநகரிலும் தேட வேண்டும். தேடுகிறவர் இந்த வருஷங்களைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஆலங்குளத்துக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் ஓர் ஆலங்குளம் இருக்கிறது, அதுவும் பெரிய ஊர். அரசு சிமெண்ட் ஆலை உள்ள நம் ஆலங்குளம் வேறு. 1910க்கு முன் இரண்டும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். பதிவேட்டின் ஊர்க் கட்டத்தில் ஆலங்குளம் என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்ட குருவானவர் அந்த வருஷம் எந்தச் சேகரத்தில் இருந்தார் என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வரிகளில் வரும் ஊர்கள் எந்தப் பக்கத்து ஊர்கள் என்று பார்க்க வேண்டும். தனி வரியாகக் கிழித்தெடுத்தால் ஒன்றும் புரியாது, பக்கத்தோடு பார்த்தால் விடை கிடைக்கும். பதிவேட்டிலிருந்து வேண்டிய வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிற வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

பக்கத்தைப் பொறுமையாக மேலிருந்து கீழே பார்க்கிறவருக்கு வேறு விஷயங்களும் கிடைக்கும். புதிதாகச் சபை எழும்பிய ஊர் என்றால் முதல் பக்கங்களில் பெரியவர்கள் இருப்பார்கள். ஒரே நாளில் தகப்பன், தாய், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வரும். வருஷம் போகப் போகக் கைக்குழந்தைகளின் வரிசை தொடங்கும். சபை ஊரில் வேர்விட்டதற்கு அதுவே அடையாளம். 1876க்கும் 1878க்கும் இடைப்பட்ட தாது வருஷப் பஞ்சத்தை அடக்கப் பதிவேடு சொல்லும். அந்தப் பஞ்ச நாட்களில்தான் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள், ஆகவே ஞானஸ்நானப் பதிவேடும் அதைச் சொல்லும். ஒரே காலம் இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகப் பதிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் அந்தக் காலத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

இத்தனையும் தாங்கும் காகிதத்துக்கு எதிரி உள்ளேயே இருக்கிறது. பழைய மை பெரும்பாலும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஒருவகை மரக்காயையும், இங்கே கடுக்காயையும் ஊறவைத்து, அன்னபேதி கலந்து செய்தார்கள். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும், அழிக்க முடியாது. அதனால்தான் பத்திரங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த மையில் அமிலம் உண்டு. பத்து இருபது வருஷத்தில் தெரியாது. நூறு வருஷத்தில் எழுத்து பழுப்பாகி, அழுத்தி எழுதிய இடத்தில் காகிதம் உதிரத் தொடங்கும். கையெழுத்தின் சுழியும் எண்ணின் வளைவும் சல்லடையாகிவிடும். பக்கத்தைத் திருப்பும்போது பெயரே துகளாகக் கையில் விழும். வெளியிலிருந்து வருவது கரையானும் ராமபாணப் பூச்சியும். அட்டை ஒட்டிய பசையின் மாவுதான் பூச்சிக்குத் தீனி. அதனால்தான் பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் போடுவார்கள்.

நல்ல எண்ணத்தில் செய்யும் காரியங்களால் வரும் கேடு இதையெல்லாம் விடப் பெரிது. கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டுவார்கள். அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி, காகிதத்துக்குள் இறங்கி, எழுத்தை மறைத்துவிடும். பக்கங்களைப் பிரித்து லேமினேஷன் போடுவார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்த நிபுணராலும் பத்திரமாகப் பிரித்தெடுக்க முடியாது. பழையது நைந்துவிட்டது என்று புதுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுவார்கள். பெயர்த்து எழுதியவர் வாசிக்கத் தெரியாமல் விட்ட ஊர்ப்பெயர் அதோடு போய்விடும். காகிதத்தைச் செப்பனிடுகிறவர்கள் ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டுவார்கள். தண்ணீர் தொட்டால் மறுபடி பிரிந்துவிடும் என்பதால்தான் அந்த முறை. பிரிக்க முடியாத எதையும் பழைய காகிதத்தில் செய்யக் கூடாது.

ஒரு சேகரக் கமிட்டி நாளைக்கே செய்யக்கூடிய வேலை படம் எடுப்பதுதான். அதற்கு ஸ்கேனர் வேண்டாம். நல்ல கேமரா உள்ள செல்போன், ஜன்னல் வெளிச்சம், பொறுமையான இரண்டு பேர் போதும். புத்தகத்தை மல்லாக்க அமுக்கி முதுகை உடைக்காமல், இரண்டு பக்கமும் துணிச்சுருள் அணைகொடுத்து, பாதி விரித்து எடுக்க வேண்டும். அட்டையில் தொடங்கி, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், ஓரங்கள் தெரிய எடுக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புதான் சில நேரம் முக்கியமானதாக இருக்கும். எடுத்த படங்களை இரண்டு வெவ்வேறு ஊரில் வைக்க வேண்டும். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் தென்னிந்தியத் திருச்சபை வரலாற்றுக் காகிதங்களைச் சேர்த்துவைத்திருக்கும் இடம். பிரதியை அங்கே கொடுப்பது பற்றித் திருமண்டலம் பேசலாம். மூலப் புத்தகம் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

ஆனால் எடுத்ததையெல்லாம் இணையத்தில் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. 1950ஆம் வருஷத்து அட்டவணைச் சாதியினர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் அல்லாதவருக்கு அட்டவணைச் சாதியினருக்கான சலுகை இல்லை. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களின் கோரிக்கை இன்னும் முடிவில்லாமல் நிற்கிறது. சாதிச் சான்றிதழ் வழக்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு சாட்சியாக இழுக்கப்படுகிறது. தாத்தா காலத்தில் சந்தோஷமாக எழுதிக்கொண்ட ஒரு வரி பேத்தியின் படிப்புக்கோ வேலைக்கோ எதிராக நிற்கலாம். எனவே உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கங்கள் பூட்டி இருக்கட்டும். நூறு வருஷம் கடந்தவை குடும்பத்தாருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் திறந்திருக்கட்டும். எங்கே கோடு போடுவது என்பதை அந்தந்தச் சபை மக்கள் கூடி முடிவு செய்ய வேண்டும், வெளியூர் நூலகம் முடிவு செய்யக் கூடாது.

37ஆம் பிரிவுக்கு மறுபடி வருகிறேன். நிறைந்த திருமணப் புத்தகம் மாவட்டத்துத் திருமணப் பதிவாளரிடம் போய், அங்கிருந்து தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உங்கள் சேகரத்தில் முதல் புத்தகம் எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். சபை அதற்கு முன்னாலேயே இருந்தது என்றால், முந்தைய புத்தகம் எங்கேயோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். 1910க்கு முன் நிறைந்திருந்தால் திருநெல்வேலி மாவட்டக் காகிதங்களிலும், பிறகு நிறைந்திருந்தால் ராமநாதபுரம் மாவட்டக் காகிதங்களிலும், எப்படியானாலும் தலைமைப் பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். கேட்பது வாய்மொழியாக வேண்டாம். சபையின் பெயர், பழைய தாலுகாவின் பெயர், ஏறக்குறைய எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்ற விவரம், 1872ஆம் வருஷத்துச் சட்டத்தின் பிரிவு எண், எல்லாம் எழுதி, கமிட்டித் தீர்மானத்தின் நகலோடு கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.